அப்பா பெயரில் வருபவை

"உங்கப்பா எழுதியிருக்கார்டி," என்று அம்மா கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை. எழுதியது அப்பா இல்லை என்று பார்க்காமலேயே தெரியும். இருந்தாலும் பார்த்தேன், பார்க்காவிட்டால் விடமாட்டாள். அனுப்பியவர் இடத்தில் அப்பாவின் பெயர், பட்டறையின் முகவரி, ஓர் எழுத்துப் பிசகவில்லை. கீழே செய்தி: 'உங்கள் பொதி கிடங்கில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. விடுவிக்க இங்கே அழுத்தவும்.'

வாயைக் கொப்பளித்துவிட்டு, "அழுத்தினியா?" என்று கேட்டேன்.

"நான் என்ன பச்சைக் குழந்தையா? நீ சொன்னதுலேர்ந்து எதையும் அழுத்தறதில்ல. படிக்கறதோட சரி."

"இது எங்க இருந்தது? இன்பாக்ஸ்லயா?"

"அந்தக் குப்பைப் பெட்டியில கிடந்தது. உங்கப்பா எழுதறதை மட்டும் அது ஏன் குப்பையில போடுதோ தெரியல. நான்தான் தினமும் தேடி எடுத்து, 'இது குப்பை இல்லை'ன்னு அழுத்தி வெளிய கொண்டு வர்றேன்."

"எதையும் அழுத்தறதில்லைன்னு இப்பதானே சொன்ன?"

"அது வேற, இது வேற."

தலையில் அடித்துக்கொண்டேன். அப்பா பெயரில் வரும் அத்தனை பொய் மடல்களையும் அம்மா தன் கையாலேயே நடுவீட்டில் உட்கார்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மெயில் கம்பெனி பாவம், இந்த அம்மாளுக்கு இதெல்லாம் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் நாலைந்தை உள்ளே விட்டிருக்கும்.

"அம்மா, இது ஸ்பேம். அப்பா எழுதினது இல்ல."

"அவர் பேர் போட்டிருக்கே."

"பேரை யார் வேணா போடலாம்."

"அதெப்படி யார் வேணா போடுவான்? கொண்டு வந்து குடுக்கறவனுக்குத் தெரியாதா, இது அவர் எழுதினதா இல்லையான்னு?"

"தெரியாது. தபால் உறைக்குப் பின்னாடி அனுப்புநர்னு ராஜா பேரை எழுதினாலும் தபால்காரர் கொண்டு வந்து போட்டுட்டுப் போவாரில்ல? அது மாதிரிதான்."

அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதுன்னா என்னடி அர்த்தம்? யாராவது அவரைப் பிடிச்சு வெச்சிருக்காங்களோ? நேரா எழுத முடியாம இப்படிச் சுத்தி வளைச்சு எழுதறாரோ?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அம்மா சாதாரண ஆள் கிடையாது. காய்கறிக் கடையில் மேலே நல்லதை அடுக்கி அடியில் சொத்தையை வைத்திருந்தால், கூடையைத் தொடாமலே சொல்லிவிடுவாள். எடை போடுகிறவன் கை அவளைக் கண்டாலே நேராக நிற்கும். அப்படிப்பட்டவளுக்கு முகம் தெரியாத எவனோ காது குத்துகிறான், அவளும் காதைத் திருப்பிக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்பா வீட்டை விட்டுப் போனது போன வருஷம். தெருக்கோடியில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் பட்டறை வைத்திருந்தார். தண்ணீர் மோட்டார், மாவு மில் மோட்டார், எது எரிந்து போனாலும் அவரிடம்தான் வரும். ஒரு காலையில் செம்புக் கம்பி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவே இல்லை. கைபேசி பட்டறை மேசையில் சார்ஜில் கிடந்தது. இரண்டு சட்டையும் படிக்கிற கண்ணாடியும் காணவில்லை. ரத்தக்கொதிப்பு மாத்திரையை எடுத்துப் போகவில்லை என்பதால், அவர் தானாகப் போகவில்லை என்பது அம்மாவின் கட்சி. கண்ணாடியை எடுத்துப் போயிருக்கிறார் என்பதால், தானாகத்தான் போனார் என்பது போலீஸின் கட்சி.

கடன் இல்லை, சண்டை இல்லை. நாலு கேள்வி கேட்டால் அரை பதில் சொல்லும் மனுஷர், அவ்வளவுதான். வீட்டில் இருந்தபோதே அவர் இருப்பது பாதி நேரம் தெரியாது. தம்பி வேலை பார்க்கும் ஊரிலிருந்து ஓடி வந்து மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தான், பிணவறைகளுக்கும் போனான். அம்மா மட்டும் வாசல் கதவை உள்ளே தாழிடாமல் வைத்திருந்தாள்.

இந்த நிலையில்தான் மடல்கள் வர ஆரம்பித்தன. பட்டறையில் இருந்த பழைய கணினிக்குள் ஏதோ புகுந்து, அதிலிருந்த முகவரிகளை யாரோ வாரிக்கொண்டு போயிருக்க வேண்டும். அப்பாவின் பெயரைப் போட்டு, அப்பாவுக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பினார்கள். வாடிக்கையாளர்கள் இரண்டு நாள் எரிச்சல்பட்டுவிட்டு அழித்துவிட்டார்கள். அம்மா மட்டும் படித்தாள்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் தொழிலே இதுதான். சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் மின்னஞ்சலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் பெயரில் எவனும் பொய் மடல் அனுப்பாமல் இருக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காப்பதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரோரம் சர்வர்கள் அடுக்கிய இரும்பு அலமாரி உறுமிக்கொண்டே இருக்கும். அதைக் குளிர வைக்கிற காற்று எங்களையும் சேர்த்து விறைக்க வைக்கும். என் பக்கத்து மேசைக்காரருக்கு ஜோசியர் என்று பெயர். எந்த சர்வர் எப்போது படுக்கும் என்று முன்கூட்டியே சொல்வார், பாதி பலிக்கும். வருஷம் முழுவதும் கம்பளிச் சட்டையோடுதான் உட்கார்ந்திருப்பார்.

அன்று என்னைப் பார்த்ததும், "என்ன தாயே, வரும்போதே முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது?" என்றார்.

சொன்னேன். கேட்டுவிட்டு, "உங்க அப்பா டொமைன் யார் பேர்ல இருக்கு?" என்றார்.

"என் பேர்லதான். பட்டறைக்குன்னு நான்தான் வாங்கிக் குடுத்தேன். மெயில் பெட்டி மட்டும் அவரே ஒரு சின்ன கம்பெனியில திறந்துக்கிட்டார். பாஸ்வேர்ட் அவருக்கு மட்டும்தான் தெரியும்."

"மூணு வரியும் போட்டிருக்கியா?"

"ரெண்டு போட்டிருக்கேன்."

"இங்க எவனோ ஒருத்தன் கம்பெனிக்கு மூணு பூட்டு, சொந்த அப்பனுக்கு ரெண்டா? நல்லா இருக்கு போ."

மூன்று வரி என்று அவர் சொன்னது டொமைனோடு, அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரோடு, சேர்த்துப் பொதுவில் எழுதி வைக்கும் குறிப்புகளை. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மாத்திரை மாதிரி பெயர்கள். விஷயம் எளிதுதான். இந்தப் பெயரில் மடல் அனுப்ப உரிமை உள்ள சர்வர்கள் இவை என்று முதல் வரி சொல்லும். இங்கிருந்து புறப்படும் மடலில் ஒரு கையொப்பம் இருக்கும், அதை இந்தச் சாவியால் சரிபார்த்துக்கொள் என்று இரண்டாவது வரி சொல்லும். இரண்டிலும் தேறாத மடலை என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது மூன்றாவது. 'விட்டுவிடு' என்று சொல்லலாம், 'குப்பையில் போடு' என்று சொல்லலாம், 'வாசலிலேயே திருப்பி அனுப்பு' என்றும் சொல்லலாம். கூடவே, தினமும் என்ன நடந்தது என்று எனக்கு அறிக்கை அனுப்பு என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

"எடுத்ததுமே அடைச்சுடாத," என்றார் ஜோசியர். "முதல்ல 'விட்டுவிடு'ன்னு போட்டு, அறிக்கையை மட்டும் வாங்கிக் கொஞ்ச நாள் வேடிக்கை பாரு. இல்லன்னா நம்ம ஆளையே வெளிய நிறுத்திட்டு முழிப்போம்."

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது அதுதான். யார் நம்மாள், யார் வெளியாள் என்று பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் கதவைச் சாத்துவோம். காணாமல் போன ஒருவரின் டொமைனில் நம்மாள் என்று யார் இருக்கப்போகிறார் என்று நான் நினைத்தேன். ஆனாலும் பழக்கதோஷம், வேடிக்கை பார்க்கும் வரியையே போட்டேன்.

மறுநாளே அறிக்கைகள் வர ஆரம்பித்தன. பெரிய மெயில் கம்பெனிகள் ஒவ்வொன்றும் தினம் ஒன்று அனுப்பும். எந்த சர்வரிலிருந்து, இந்தப் பெயரில், எத்தனை மடல் வந்தது, தேறியதா இல்லையா, அவ்வளவுதான் இருக்கும். யாருக்கு எழுதியது, என்ன எழுதியது என்று இருக்காது. நான் பார்த்தேன். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ, எந்தெந்த ஓட்டை சர்வர்களிலிருந்தோ, நூற்றுக்கணக்கில். எல்லாம் தேறாதவை. அந்த மோட்டார் பட்டறை மனுஷர் வாழ்நாளில் இத்தனை பேரிடம் பேசியிருக்க மாட்டார் என்று நினைத்துச் சிரித்துக்கூட வைத்தேன்.

ஒரு புதன்கிழமை அறிக்கையின் அடியில் ஒரு வரி வித்தியாசமாக இருந்தது. எண்ணிக்கை: ஒன்று. சர்வர், அப்பா பெட்டி திறந்திருந்த அதே சின்ன கம்பெனியுடையது. முதல் சோதனை: தேறியது. கையொப்பம்: தேறியது.

ஜோசியரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்த வரியின் மேல் விரலை ஓட்டி இரண்டு தடவை படித்தார்.

"தானா பதில் போடற வசதி ஏதாவது போட்டு வெச்சிருப்பாரோ? 'பட்டறை விடுமுறை' அப்படின்னு?" என்றார் கடைசியில்.

உடனே என் சொந்த முகவரியிலிருந்து அப்பாவுக்கு ஒரு மடல் போட்டுப் பார்த்தேன். எந்தப் பதிலும் வரவில்லை. அப்படியானால் அது இல்லை.

"பாஸ்வேர்டை எவனாவது திருடியிருப்பான்."

"திருடன் கையில சாவி கிடைச்சா ஒரே ஒரு மடலோட நிப்பானா சார்?"

எங்கள் இருவருக்குமே தெரியும், நிற்கமாட்டான்.

அதன் பிறகு அந்த வரி வந்துகொண்டே இருந்தது. சில நாள் ஒன்று, சில நாள் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை இருக்காது. யாரோ ஒருவர் வேலை நாட்களில் உட்கார்ந்து, நிதானமாக, யாருக்கோ எழுதுகிறார். அப்பா எங்கேயோ ஒரு வேலையில் இருக்கிறார். அப்பா உயிரோடு இருக்கிறார்.

கழிப்பறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதேன். முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வருவதற்குள் அந்தச் சந்தோஷம் கோபமாகத் திரும்பிவிட்டது. கிழவர் எவனெவனுக்கோ எழுதுகிறார். எங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை.

மெயில் கம்பெனியிடம் கேட்டேன். கணக்கு அவர் பெயரில் இருக்கிறது, போலீஸ் உத்தரவு இல்லாமல் ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்று மரியாதையாகக் கையை விரித்துவிட்டார்கள். போலீஸில் போய்ச் சொன்னேன். "அதான் உயிரோட இருக்காருன்னு நீங்களே சொல்றீங்களேம்மா. பெரிய மனுஷன் தன் இஷ்டப்படி போனா நாங்க என்ன பண்றது?" என்றார்கள். பாரம் குறைந்த மாதிரி அவர்கள் முகத்தில் ஒரு தெளிவு.

தம்பிக்குப் போன் செய்தேன். அறிக்கையில் வந்த வரியைச் சொன்னேன்.

"அக்கா, நான் எத்தனை பொணத்தோட முகத்தைப் பார்த்தேன்னு உனக்குத் தெரியுமா?" என்றான். "ஒவ்வொரு தடவையும் துணியைத் தூக்கும்போது எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா?"

"தெரியும்டா."

"தெரியாது. விடு. அம்மாகிட்ட சொல்லாத."

"எப்படிடா சொல்லாம இருக்கறது?"

"எப்படிச் சொல்லுவ? அவர் நல்லா இருக்கார், வாரத்துக்கு ஆறு நாள் லெட்டர் எழுதறார், உனக்கு மட்டும் எழுதலைன்னா? காணாமப் போனவராவே இருந்துட்டுப் போகட்டும். அம்மா அதையாவது தாங்கிக்கிட்டா."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அம்மா தினமும் குப்பைப் பெட்டியைக் கிளறி, பொய்யிலிருந்து பொய்யாகத் தேடி எடுத்து, எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிந்தது. எங்கேயாவது வங்கி விவரத்தைக் கொடுத்து வைத்திருக்கிறாளோ என்ற பயம் வேறு. ஒரு நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது கைபேசியை எடுத்து, அனுப்பிய மடல்களின் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

படிப்பதோடு சரி என்றாளே, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியிருந்தாள்.

'உங்கள் கணக்கு முடக்கப்படும்' என்று வந்ததற்கு: 'முடக்கினால் முடக்கிவிட்டுப் போகிறார்கள். நீங்கள் வாருங்கள். பட்டறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.' 'முடி உதிர்வா? ஒரே வாரத்தில் தீர்வு' என்று வந்ததற்கு: 'உங்களுக்கு முடி இருந்தால் என்ன, போனால் என்ன. மாத்திரை போடுகிறீர்களா?' 'நீங்கள் பரிசு வென்றிருக்கிறீர்கள்' என்று வந்ததற்கு நீளமாக எழுதியிருந்தாள். கல்யாணமான புதிதில் நடந்த ஏதேதோ. தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது என்று. தன்மேல் என்ன தப்பு, அதை மட்டுமாவது சொல்லுங்கள் என்று. இன்னும் சில விஷயங்கள், ஒரு மகள் படிக்கக் கூடாதவை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டிவிட்டு இது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது என்றால் என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். பதில் என்று அழுத்தினால் அது யாருக்குப் போகும்? மேலே எழுதியிருக்கும் முகவரிக்கு. பொய் மடலை அனுப்பியவன் எவனோ, அவனுக்குப் போகாது. அந்த முகவரி அப்பாவுடையது. எங்கேயோ உட்கார்ந்து தினமும் அதே பெட்டியைத் திறந்து எழுதிக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு, அம்மா எழுதியது அத்தனையும், ஒன்று விடாமல், போய்ச் சேர்ந்திருக்கிறது.

அன்று அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. அப்பாவுக்கு எழுதினேன். மரியாதையாக ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை. 'நீங்கள் உயிரோடு இருப்பதும், தினமும் பெட்டியைத் திறப்பதும் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம், இது என் தொழில். எங்களுக்கு நீங்கள் எந்தக் கணக்கும் சொல்ல வேண்டாம். அம்மாவுக்கு ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால் எனக்குத் தெரிந்ததை நானே அவளிடம் சொல்லிவிடுவேன்.' அனுப்பு என்று அழுத்திய கையோடு, டொமைனின் மூன்றாவது வரியைத் திறந்து, 'விட்டுவிடு' என்பதை எடுத்துவிட்டு 'திருப்பி அனுப்பு' என்று மாற்றினேன். அப்பாவின் வார்த்தை வரும் வழியில் வேறு எவன் குரலும் குறுக்கே வரக் கூடாது என்று நினைத்தேன். அது நல்லதுக்குத்தான் என்று மனசார நம்பினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பாதியை மட்டும் சொன்னேன்.

"அம்மா, அப்பா பேரை வேற எவனும் போடாத மாதிரி அடைச்சுட்டேன். இனிமே அந்தப் பொய் எதுவும் உனக்கு வராது."

"குப்பைப் பெட்டிக்கும் வராதா?"

"வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. பேரை மட்டும் போட்டுட்டு வேற முகவரியிலேர்ந்து எவனாவது அனுப்பலாம். அதனால வந்தா பேர் மேல விரலை வெச்சு முகவரியைப் பாரு. முகவரியும் அவரோடதா இருந்தா..."

"இருந்தா அவரேதான். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

அம்மா தலையாட்டிக்கொண்டாள். சந்தோஷப்பட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

மடல்கள் நின்றன. அம்மா பழக்கத்தில் குப்பைப் பெட்டியைத் திறப்பாள், மூடுவாள். பதில் போட ஏதும் இல்லாததால் எழுதுவதும் நின்றது. "நீயா ஒண்ணு எழுதேன்மா" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "அவர் ஏதாவது கேட்டா நான் சொல்லுவேன். நானாப் போய் என்னத்தைன்னு எழுதறது?" என்றாள். வீட்டில் அவள் பேச்சும் குறைந்தது. சாப்பாட்டில் உப்பு போட மறந்தாள். காய்கறிக்காரன் சொத்தையைத் தலையில் கட்டினான், வாங்கி வந்தாள். இந்தப் பெண்மணியிடமிருந்து நான் எதைப் பிடுங்கிவிட்டேன் என்று மண்டையைக் குடைந்தது. அப்பாவுக்கு இன்னும் இரண்டு மடல் எழுதினேன், முதலில் எழுதியதைவிடக் காரமாக.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது வீட்டில் விளக்குப் போடவில்லை. அம்மா சாப்பாட்டு மேசையில் கைபேசியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை.

"ஒண்ணு வந்திருக்கு. நீ பார்த்துச் சொல்லு," என்றாள்.

நின்றபடியே படித்தேன்.

'நீ எழுதியதெல்லாம் படித்தேன். நான் நலம். இங்கே நிம்மதியாக இருக்கிறேன். உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. திரும்பி வரும் எண்ணம் இல்லை. மகளிடம் எனக்கு எழுத வேண்டாம் என்று சொல். நீயும் எழுத வேண்டாம்.'

மடலின் உள்விவரத்தைத் திறந்தேன். சர்வர்: தேறியது. கையொப்பம்: தேறியது. மூன்றாவது வரி: தேறியது. ஒரு மடல் தேறாமல் போக வேண்டும் என்று நான் இத்தனை ஆசையாக வேண்டிக்கொண்டதே இல்லை. நான் கேட்டேன் என்றுதான் இந்த மனுஷர் எழுதியிருக்கிறார். ஒரு வரி எழுது என்று நான்தானே கழுத்தில் கத்தி வைத்தேன்.

"இதுவும் பொய்தானேடி?" என்று அம்மா கேட்டாள்.

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். இதற்கு முன் அதே குரலில், இது உண்மைதானே என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

"ஆமாம்மா. பொய்தான்," என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கூடையின் அடியில் இருப்பதை மேலிருந்தே பார்க்கிறவளின் பார்வை.

"இது குப்பைப் பெட்டியில இல்லடி. நேரா வந்திருக்கு."

"சில சமயம் அப்படி..."

"பேர் மேல விரலை வெச்சுப் பார்த்துட்டேன். முகவரியும் அவரோடதுதான். நீ அடைச்சுட்டேன்னு சொன்ன. இனிமே வந்தா அவரேதான்னு சொன்ன." குரல் உயரவே இல்லை. "எனக்காகப் பொய் சொல்லாத."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், அறிக்கையில் வந்த வரி, தம்பியிடம் பேசியது, அப்பாவை மிரட்டியது. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். உயிரோடு இருக்கிறார் என்று சொன்ன இடத்தில் மட்டும் கண்ணை மூடித் திறந்தாள்.

"நான் எழுதினதெல்லாம் படிச்சிருக்கார்," என்றாள்.

"உனக்கு அவர் படிக்கணும்னுதானேம்மா இருந்தது?"

"ஆரம்பத்துல இருந்தது. அப்புறம் நீதான் தினமும் பொய், பொய்னு சொன்னியே. எனக்கென்ன மூளையா இல்ல? புரிஞ்சுது. யாருக்கும் போகாதுன்னு தெரிஞ்ச பிறகுதான் மனசுல இருக்கறதையெல்லாம் எழுதினேன். யார்கிட்டயும் சொல்ல முடியாததை, கேக்க ஆளில்லாத இடத்துல சொல்லிக்கிட்டு இருந்தேன். அவ்வளவுதான்." அவள் விரல்கள் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தன. "அவர் அங்க உக்காந்து ஒண்ணொண்ணா படிச்சிருக்கார். கண்ணாடி போட்டுக்கிட்டு. ஒரு தடவைகூட, போதும் நிறுத்துன்னு சொல்லாம."

கையைப் பிடித்தேன், இழுத்துக்கொண்டாள்.

"இந்த ஆள்கிட்டேர்ந்து எனக்கு இனிமே எதுவும் வரக் கூடாது. அதுக்கு எதை அழுத்தணும்?"

காட்டினேன். இந்த அனுப்புநரைத் தடுக்கவா என்று கைபேசி கேட்டது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டு, தானே அழுத்தினாள். அப்பா பெயரில் வந்த அத்தனை பொய்களையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தவள், வந்த ஒரே உண்மையை வெளியே நிறுத்தினாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. பயமாக இருந்தது.

கைபேசியைக் கீழே வைத்துவிட்டு மேசை விரிப்பை நீவி விட்டாள். பிறகு, வேலைக்காரியிடம் ஏதோ சின்ன உதவி கேட்பது போல, "நான் அனுப்பினதையெல்லாம் அவர்கிட்டேர்ந்து திரும்ப எடுக்க முடியுமாடி? உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே," என்றாள்.

இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"முடியாதும்மா," என்றேன்.

அம்மா தலையாட்டினாள். பிறகு, அப்பா போன நாளிலிருந்து என் எதிரில் ஒரு தடவையும் அழாதவள், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, வெட்கம் தாங்காமல் அழுதாள்.